உறைப்பின்மை

1

காரைக்காலில் குடைமிளகாயை விதையிலிருந்து வளர்க்க நினைப்பவன் ஒன்று பிடிவாதக்காரனாக இருக்க வேண்டும், இல்லை ஓய்வு பெற்றவனாக இருக்க வேண்டும். நான் 2019-ல் ஓய்வு பெற்றவன். அரசலாற்றுக்கு வடக்கே, கடலுக்கு ஒன்றரை மைலுக்குள் வீடு. கொல்லையில் பாதிக்கு மேல் மணல். சித்திரை, வைகாசியில் கிணற்று நீர் கரிக்கும். அந்தச் செடி கேட்கிற இடம் இது இல்லை. பகலில் 20-லிருந்து 25 டிகிரி, இரவில் 16-லிருந்து 18 டிகிரி அதற்கு உகந்தது. பகல் 32-ஐத் தாண்டினாலும், இரவு 24-க்குக் கீழே இறங்காவிட்டாலும் பூ காயாகாமல் உதிர்ந்துவிடும். எங்கள் ஊரில் மார்கழி, தை இரவுகள் மட்டும்தான் அந்தக் கணக்குக்குக் கொஞ்சம் கிட்டே வருகின்றன. அதற்கு முன்னால் ஐப்பசி, கார்த்திகை மழை. பின்னால் மாசி முடிந்ததுமே வெயில். நடுவில் இருக்கிற சின்ன இடைவெளியில் ஒரு செடி பூத்துக் காய்த்தாக வேண்டும். நாங்கள் கடையில் வாங்குகிற காய் பெரும்பாலும் ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக் குடில்களில் விளைந்து லாரியில் வருவது.

2022 புரட்டாசியில் கடைக் காய் ஒன்றிலிருந்து விதை எடுத்தேன். பச்சைக் குடைமிளகாய் பழுக்காத காய். அதன் விதை பெரும்பாலும் முற்றியிராது. நன்றாகச் சிவந்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். விதைகளை நிழலில் ஐந்து நாள் காயவைத்து, தேங்காய் நார்த் தூளும் மக்கிய எருவும் கலந்த தட்டில், விரல் நகத்தின் ஆழத்துக்குப் போட்டேன். ஒன்பதாம் நாள் முளைத்தது. தண்ணீர் சற்று கூடினால் நாற்று அடித்தண்டில் அழுகிச் சாய்கிறது. முதல் தட்டில் பாதி அப்படிப் போயிற்று. நாற்பது நாளில் ஐந்தாறு இலை வந்ததும் தொட்டிக்கு மாற்றினேன். மழை வலுத்த நாட்களில் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்குள் இழுத்து வைப்பதும், வெயில் கண்டால் வெளியே தள்ளுவதுமாகக் கார்த்திகை போயிற்று.

தை கடைசியில் காய்கள் வந்தன. ஒரே காயின் பிள்ளைகள், ஆனால் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. ஒன்று நாலு மூலையோடு சதுரமாக, ஒன்று நீண்டு, ஒன்று தக்காளியைப்போல் தட்டையாக. கடைக்கு வருவது அநேகமாக எஃப்-1 கலப்பினம். அதன் விதையைப் போட்டால் பெற்றோரின் பண்புகள் பிரிந்து கலைந்துதான் வரும். இந்தியாவில் அப்படிப்பட்ட முதல் குடைமிளகாய்க் கலப்பினம் 'பாரத்' என்ற பெயரில் 1973-ல் பெங்களூரிலிருந்து வந்தது. ஆனால் வடிவம் எப்படிக் கலைந்தாலும் ஒரு விஷயத்தில் எல்லாக் காய்களும் ஒற்றுமையாக இருந்தன. ஒன்றுகூட உறைக்கவில்லை.

என் மனைவி கூட்டு வைத்தாள். சாப்பிட்டுவிட்டு அவள் சொன்னது: "நல்ல காய்தான். ஆனா எலையில இருக்கா இல்லையான்னே தெரியல. ஒங்களாட்டம்." பேத்திகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்பிலிருந்து தொடங்குகிறது.

2

ஊரில் எனக்கு நல்லவன் என்று பெயர். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, பிரச்னையாகச் சொல்கிறேன். அறுபது வயதுக்கு மேல் இப்பெயர் ஒரு மனிதன்மேல் படிந்துவிடுகிறது. எதனால் வந்தது என்று யோசித்தால் நான் செய்த நல்ல காரியம் ஒன்றும் எளிதில் நினைவுக்கு வருவதில்லை. யாரையும் அடித்ததில்லை, ஏமாற்றியதில்லை, உரக்கப் பேசியதில்லை. எல்லாம் இல்லை, இல்லை என்றே முடிகின்றன. இன்மைகளைக் கூட்டி ஒரு நல்லவனைச் செய்துவிட முடியுமா என்பதே கேள்வி.

தமிழில் இக்கேள்விக்கு இலக்கணத்திலேயே ஒரு பிடி இருக்கிறது. குறளின் அறத்துப்பாலில் அதிகாரத் தலைப்புகளைப் பாருங்கள். கொல்லாமை, கள்ளாமை, வெகுளாமை, புறங்கூறாமை, இன்னா செய்யாமை. நம் அறம் எதிர்மறையில் பேசுகிறது என்று சிலர் குறை சொல்வதுண்டு. அவர்கள் விகுதியைக் கவனிப்பதில்லை. 'ஆமை' வினையின்மேல் ஏறும் எதிர்மறை. கொல்லக் கை இருந்து, கொல்ல முடிந்து, கொல்லாமலிருப்பது கொல்லாமை. அது ஒரு செயல். ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்யப்பட வேண்டியது. 'இன்மை' வேறு. ஒரு பொருள் இல்லாதிருப்பதைச் சொல்லும் சொல் அது. வறுமைக்கும் அதுவே பெயர். அறத்துப்பாலின் முப்பத்தெட்டுத் தலைப்புகளில் உடைமைகள் உண்டு, ஆமைகள் உண்டு. ஓர் இன்மைகூட இல்லை. வெகுளாமையின் முதல் குறளே இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது: தன் கோபம் செல்லுபடியாகிற இடத்தில் அதை அடக்குகிறவன்தான் அடக்குகிறவன், செல்லாத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்பது அதன் பொருள்.

குடைமிளகாயின் சாதுத்தன்மை இவற்றில் எது? தாவரவியல் சந்தேகத்துக்கு இடமில்லாமல் பதில் சொல்கிறது. மிளகாயின் உறைப்பு காப்சைசின் என்ற பொருளால் வருவது. அது விதையில் இல்லை, விதைகளைத் தாங்கி நிற்கிற வெள்ளைச் சவ்வில் உண்டாகிறது. 1912-ல் வில்பர் ஸ்கோவில் என்பவர் உறைப்பை அளக்க ஒரு அளவுகோல் வகுத்தார்; அதில் குடைமிளகாய்க்குக் கிடைப்பது பூஜ்யம். 2005-ல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காரணத்தை வெளியிட்டார்கள். உறைப்பு உண்டாவதற்குத் தேவையான ஒரு மரபணு - 'பன் 1' என்று பெயர் - குடைமிளகாயில் சிதைந்திருக்கிறது. அதன் பெரிய துண்டு ஒன்றைக் காணோம். ஆகவே நாம் குடைமிளகாயில் ருசிப்பது இனிப்பு என்றொரு குணத்தை அல்ல, ஒரு இழப்பை. உறைப்பின்மை.

உறைப்பு எதற்காக என்பதும் இப்போது தெரிந்திருக்கிறது. 1997-ல் டேவிட் ஜூலியஸும் அவருடன் இருந்தவர்களும் நம் நரம்பில் காப்சைசினை உணரும் ஏற்பியைக் கண்டுபிடித்தார்கள். 2021-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் அதற்குப் பங்குண்டு. கொதிக்கிற சூட்டை உணர்வதும் அதே ஏற்பிதான். மிளகாய் நாக்கைச் சுடுகிறது என்பது வெறும் உவமை இல்லை என்றாகிறது. பறவையின் ஏற்பி காப்சைசினுக்கு அசைவதில்லை. காட்டு மிளகாயைப் பறவை தின்று விதையை முழுசாகத் தொலைவில் போடுகிறது. எலி தின்றால் விதையை மென்று நொறுக்கிவிடும். எலியைத் தடுத்துப் பறவையை அனுமதிப்பது உறைப்பின் வேலை. குடைமிளகாய் அதை இழந்தது. அதற்கு வேலி போட, பூச்சி விரட்ட, விதை எடுத்து வைக்க மனிதன் வேண்டும். மனிதன் இல்லாவிட்டால் அதன் கதி என்ன என்பதை என் கொல்லை எலிகள் ஒரே இரவில் காட்டின. பக்கத்துச் சம்பா மிளகாயில் ஒரு காயைக்கூட அவை தொடவில்லை.

3

பெயரையும் யோசிக்கலாம். மிளகாய் இந்த மண்ணுக்குரியதல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக இங்கே வந்தது. அதற்கு முன் நம் சமையலுக்கு உறைப்பு மிளகும் திப்பிலியும்தான். வந்ததற்கு 'மிளகு' என்ற பழைய சொல்லையே நீட்டி, மிளகாய் என்றோம். பின்னால் வந்த சாதுவான உறவுக்குக் குடைமிளகாய். மூன்றையும் ஒரே சொல்லின் குடும்பமாக்கிவிட்டோம். பிரெஞ்சுக்காரர்கள் வேறு மாதிரி பிரித்தார்கள். மிளகு புவாவ்ர், குடைமிளகாய் புவாவ்ரோன், மிளகாய் பிமான். உறைக்கிறதை மட்டும் வேறு பெயரில் தள்ளி வைத்தார்கள்.

இச்சொற்களை எனக்குச் சொன்னவர் எங்கள் தெருவில் இருந்த ஒரு சொல்தா. வெளியூர் வாசகர்களுக்காக: 1954 நவம்பர் 1-ல் காரைக்கால் நிர்வாகம் இந்தியாவுக்கு மாறியது, சட்டப்படி மாறியது 1962 ஆகஸ்ட் 16-ல். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, பிரான்சின் பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே சொல்தா என்போம். சொல்தா தாத்தா இந்தோசீனாவிலும் பிறகு அல்ஜீரியாவிலும் இருந்தவர். என் வாழ்க்கையில் முதல் குடைமிளகாயை அவர் வீட்டில்தான் தின்றேன், பன்னிரண்டு வயதில். உள்ளே கொத்துக்கறி அடைத்துச் சுட்டது. உறைக்கும் என்று பயந்து சின்னதாகக் கடித்தேன். அவர் சிரித்தார்.

அவர் மிகவும் சாதுவான கிழவர். நாய்க்குட்டியைக்கூட அதட்டமாட்டார். பட்டாளத்தைப் பற்றி ஒன்றும் பேசமாட்டார். பள்ளிக்கூடத்தில் அகிம்சையைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கிவந்து காட்டியபோது மட்டும் ஒரு வார்த்தை சொன்னார். "நல்லா எழுதியிருக்க தம்பி. ஆனா துப்பாக்கி வச்சிருந்தவன்தான் சுடலேன்னு சொல்லிக்கலாம்." அவர் சுட்டாரா, சுடவில்லையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவருடைய சாதுத்தனமும் என்னுடையதும் ஒரே சரக்கு இல்லை என்பது அந்த வயதிலேயே லேசாகப் புரிந்தது. புரிந்ததை ஐம்பது வருஷம் தள்ளிவைக்க முடிந்தது.

4

இரண்டாம் வருஷம் நடந்ததை இனிச் சொல்ல வேண்டும். முதல் வருஷக் காய்களில் நல்லதாக மூன்றைப் பழுக்கவிட்டு விதை சேர்த்து, 2023 புரட்டாசியில் நாற்றுப் போட்டேன். மிஞ்சின நாற்றுகளைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தேன். எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டியில் காய் விற்கிறவருக்கும் நான்கு கொடுத்தேன். அவர் வீட்டில் கொஞ்சம் கொல்லை உண்டு. வாங்கிக்கொண்டு, கூட நின்ற மகனிடம் சொன்னார்: "இந்த சார் யாருக்கும் ஒரு கெடுதல் நெனைச்சவரு இல்ல."

அவரை எனக்கு 1994-லிருந்து தெரியும். அப்போது நான் வேலை பார்த்த அலுவலகத்தில் அவர் தினக்கூலி. நிரந்தரமாக்கும் பட்டியலில் பெயர் ஏறியிருந்தது. ஒருநாள் ஒரு ரசீதுப் புத்தகம் காணாமல் போயிற்று. அதில் கொஞ்சம் பணமும் சம்பந்தப்பட்டிருந்தது. புத்தகம் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். இரண்டு நாள் முன்னால் மாலை, மேலே இருந்த ஒருவர் அதைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். விசாரணையில் என்னைக் கேட்டார்கள்: நீங்கள் எதையாவது பார்த்தீர்களா? "கவனிக்கவில்லை" என்றேன். அந்த ஒரு சொல்தான். தினக்கூலியை அனுப்ப உத்தரவுகூட வேண்டாம். மறுநாள் வர வேண்டாம் என்றால் போதும். அவர் போனார். சில வருஷம் எங்கெங்கோ வேலை செய்துவிட்டு வண்டி போட்டார்.

முப்பது வருஷமாக அவரிடம்தான் காய் வாங்குகிறேன். வேறு யாரிடமும் வாங்குவதில்லை. அதை ஒரு பரிகாரம் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவர் கொசுறாகக் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் பையில் போடுவார். அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன். வாய்மை அதிகாரத்தில் எனக்கு வசதியான இடங்களும் இருந்தன: தீமை இல்லாத சொல்லே வாய்மை என்கிறது முதல் குறள், குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்கிறது அடுத்தது. அவற்றை வைத்து நிறைய நாள் சமாளித்தேன். என் ஒரு சொல்லால் யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை என்று மட்டும் கணக்குப் பார்க்கவில்லை.

2024 மாசியில் அவர் என்னை நிறுத்திச் சொன்னார்: "சார், ஒங்க செடி உறைக்குது."

நான்கில் இரண்டு செடி காரச் செடிகள். காய் சின்னதாக, நுனி கூர்ந்து, நல்ல உறைப்பு. என் கொல்லையிலும் சில அப்படி வந்தன. காரணம் கஷ்டமானதல்ல. குடைமிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்த்துவிடும். ஆனால் தேனீயும் வரும். முதல் வருஷம் பக்கத்தில் நின்ற சம்பா மிளகாயிலிருந்து மகரந்தம் வந்திருக்கிறது. உறைப்பு ஓங்கு பண்பு; இருபக்கமும் அது இல்லாவிட்டால்தான் காய் சாதுவாகும். கலப்பு நடந்த வருஷம் காயைத் தின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஏனெனில் சதை தாயினுடையது. உள்ளே விதையில் மட்டும் அது போய் உட்கார்ந்திருக்கும். அடுத்த தலைமுறையில்தான் நாக்குக்குத் தெரியும். விதைக்காக வைப்பவர்கள் இரண்டையும் நன்றாகத் தள்ளி நட வேண்டும், அல்லது பூவைத் துணிப் பையால் மூட வேண்டும். எனக்கு அது தோன்றவில்லை.

தேனீ, மகரந்தம் எல்லாவற்றையும் அவருக்கு விளக்கினேன். ஆர்வமாகக் கேட்டார். "அப்ப உள்ளயே இருந்திருக்கு, நமக்குத்தான் தெரியல" என்றார். அவர் மிளகாயைப் பற்றித்தான் சொன்னார்.

5

எங்கள் ஊருக்கு உலகத்தில் பெயர் இருப்பது ஒரு பெண்ணால். ஒவ்வொரு ஆனிப் பௌர்ணமியையும் ஒட்டி மாங்கனித் திருவிழா. பிட்சாடனர் வீதி உலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழத்தை வாரி வீசுவார்கள், கூட்டம் கைநீட்டிப் பிடிக்கும். சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரிந்தது. வணிகன் பரமதத்தன் கொடுத்தனுப்பிய இரண்டு மாம்பழங்களில் ஒன்றைப் புனிதவதி சிவனடியார் ஒருவருக்குப் படைத்துவிடுகிறாள். மற்றதைத் தின்ற கணவன் இரண்டாவதைக் கேட்கிறான். அவள் வேண்ட, ஒரு பழம் கைக்கு வருகிறது. அதன் ருசி வேறாக இருக்கிறது. இது எங்கிருந்து வந்தது என்று அவன் கேட்கிறான்.

அதிசயத்தை நம்புகிறவர்கள் நம்பலாம். என்னைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கேள்வி. அவள் பதில் சொல்லத் தயங்குகிறாள். கவனிக்கவில்லை என்பதுபோல் ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம், வீடு நிலைத்திருக்கும். அவள் நடந்ததைச் சொல்கிறாள். அதற்கு விலையாக எல்லாம் போகிறது. கணவன் பயந்து, கப்பலேறிப் போய், பாண்டி நாட்டில் வேறு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்கு இவள் பெயரை வைத்து, கடைசியில் இவள் காலிலேயே விழுகிறான். அப்போது அவள் தன் அழகைச் சதையோடு உதறிப் பேய் உருவம் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். துறப்பதற்கு அவளிடம் ஒன்று இருந்தது. இல்லாததைத் துறக்க முடியாது.

பரமதத்தனும் நல்லவனே. யாருக்கும் கெடுதல் நினைத்தவனில்லை. உண்மை பக்கத்தில் வந்ததும் அவனால் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு ஆனியிலும் நாங்கள் மாம்பழத்தை நினைவு வைத்துக்கொள்கிறோம். நேராகக் கேட்கப்பட்ட ஒரு கேள்விக்கு ஒருத்தி நேராகப் பதில் சொன்னாள் என்பதை மறந்துவிடுகிறோம். நான் பிடித்துத் தின்ற மாம்பழங்களுக்குக் கணக்கில்லை.

6

ஒரு ஆட்சேபம் இருக்கிறது. அதை நியாயமாக எடுத்துக்கொள்ள வேண்டும். உறைப்பு இலவசம் இல்லை. பொலிவியாவில் மிளகாயின் காட்டு உறவு ஒன்றில் உறைக்கும் செடியும் உறைக்காத செடியும் கலந்தே இருக்கின்றன. பூச்சி துளையிட்டு, அத்துளை வழியே பூஞ்சணம் புகுந்து விதையைக் கெடுக்கிற ஈரமான இடங்களில் உறைக்கும் செடிகள் அதிகம் என்று 2008-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆனால் தண்ணீர் குறைந்தால், உறைக்காத செடி உறைக்கும் செடியைப்போல் இரண்டு மடங்கு விதை தருகிறது என்று 2012-ல் காட்டினார்கள். வறண்ட இடத்தில் உறைப்பு ஒரு ஆடம்பரம். 1994-ல் எனக்கு முப்பத்தைந்து வயது. இரண்டு பெண் குழந்தைகள், படுக்கையில் அம்மா, ஒரு சம்பளம். வறண்ட நிலத்தில் நின்ற செடி அது, உறைக்கவில்லை என்று குறை சொல்லலாமா?

இந்த வாதத்தை நான் பல நாள் விரும்பி வைத்திருந்தேன். மனைவியின் கேலியையும் அதனால்தான் ரசித்தேன். குடைமிளகாய் என்று சொல்லப்படுவதில் ஒரு சுகம் இருக்கிறது. பாவம், அதனிடம் இல்லை, அது என்ன செய்யும்? இந்தக் கட்டுரையையே அந்த ஸ்திதியில்தான் எழுத ஆரம்பித்தேன்: என் நல்லதனம் ஓர் இன்மை, ஆகவே அதற்குப் புகழும் வேண்டாம், பழியும் வேண்டாம் என்று முடிப்பதாகத் திட்டம். எழுதிக்கொண்டு வரும்போதுதான் அந்த உவமையில் இருந்த பொய் தெரிந்தது.

விசாரணை அறையில் அந்தக் கேள்வி வந்தபோது என் தொண்டை எரிந்தது. உள்ளங்கை வியர்த்தது. சொல்ல வேண்டிய வாக்கியம் முழுசாக, எழுவாய் பயனிலையோடு, நாக்கின் நுனியில் இருந்தது. அதைப் பிடித்து உள்ளே தள்ளினேன். அதற்குப் பலம் வேண்டியிருந்தது. குடைமிளகாய்க்கு அப்படி எரிவதில்லை. அதனிடம் மரபணுவே இல்லை. என்னிடம் எல்லாம் இருந்தது. என்னுடையது சொல்லின்மை இல்லை, சொல்லாமை. வள்ளுவர் அறங்களுக்குச் சூட்டிய அதே விகுதி, அதே மாதிரி முடிந்தும் செய்யாமலிருத்தல், தவறான இடத்தில். கொல்லாமைக்கு எவ்வளவு தன்னடக்கம் வேண்டுமோ அவ்வளவையும் ஒரு கோழைத்தனத்துக்குச் செலவழித்திருக்கிறேன். செடி நிரபராதி. அதன் பின்னால் நான் ஒளிய முடியாது.

வறண்ட நிலம் என்ற வாதம் பாதி நிற்கிறது. அன்றைக்கு நான் பயந்ததை இன்றைக்கும் என்னால் முழுசாகக் குற்றம் சொல்ல முடியவில்லை. என் நிலையில் இருக்கிற இன்னொருவனைச் சொல்லவே மாட்டேன். ஆனால் 2019-க்குப் பிறகு என்ன வறட்சி? பென்ஷன் வருகிறது. பெண்கள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். பையில் புத்தகத்தை வைத்தவர் இறந்து பல வருஷமாகிறது. உண்மையைச் சொன்னால் எனக்குப் போகக்கூடியது தெருமுனையில் கிடைக்கும் நல்ல பெயர் ஒன்றுதான். அதற்காகத்தான் இந்த ஐந்தாறு வருஷமும் பேசாமலிருந்திருக்கிறேன் என்றால், குழந்தைகளையும் அம்மாவையும் சாட்சிக்கு இழுப்பது அவர்களுக்குச் செய்கிற அவமரியாதை.

இவ்வளவையும் எழுதிய பிறகு இன்னொரு சந்தேகம் வந்தது. ஒரு சிற்றேட்டில், அவர் ஒருபோதும் பார்க்கப்போகாத பக்கங்களில், முந்நூறு பேருக்கு முன்னால் ஒப்புக்கொள்வதும் செல்லாத இடத்தில் அடக்குவதைப் போன்றதே. படிப்பவர்கள் நேர்மையான எழுத்து என்பார்கள். அந்த நல்ல பெயர் இன்னொரு தெருவில் கிடைத்துவிடும். அதனால் கட்டுரையை அனுப்பாமல் வைத்தேன். இரண்டு மாதம் மேஜையில் கிடந்தது.

போன வியாழக்கிழமை காலை, வண்டியில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், சொன்னேன். நான் பயந்ததுபோல் வார்த்தை தட்டவில்லை. முப்பது வருஷமாகத் தயாராக இருந்த வாக்கியம். அவர் கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"பாத்தீங்களா சார்?"

"பாத்தேன்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"பயம்" என்றேன். வறண்ட நிலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அவர் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை, மன்னிக்கவும் இல்லை. மன்னிக்கும்படி நான் கேட்கவுமில்லை. அதற்குள் ஒரு அம்மாள் வந்து வெண்டைக்காய் விலை கேட்டார். அவருக்கு நிறுத்துக் கொடுத்தார். பிறகு என் காய்களை நிறுத்தார், பணம் வாங்கினார், மீதிச் சில்லறையை எண்ணிக் கையில் வைத்தார். வீட்டுக்கு வந்து பையைக் கொட்டிய மனைவி, கறிவேப்பிலை எங்கே என்று கேட்டாள். இன்றைக்குக் கொசுறு இல்லை என்றேன்.